டிரம்மர் பாட எழுந்து போனால்: ‘செகண்ட்ஸ் அவுட்’ ஆல்பத்தைக் கேட்கப் பழகுவது

1970களின் ராக் லைவ் ஆல்பம் ஒன்றை நண்பர் யாராவது "இதைக் கேட்காமல் விடாதே" என்று நம் தலையில் கட்டினால், முதல் தடவை பெரும்பாலும் ஒரே கதைதான். பாட்டு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பிடிபடாது. பாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று காணாமல் போவார், ஐந்து நிமிடத்துக்குக் கீபோர்டு மட்டும் ஓடும், கூட்டம் கத்தும், ஏன் கத்தியது என்று தெரியாது. எனக்கு ஜெனிசிஸ் குழுவின் ‘செகண்ட்ஸ் அவுட்’ அப்படித்தான் அறிமுகமானது. இரவுப் பேருந்து, மட்டமான இயர்ஃபோன், 24 நிமிடப் பாட்டு ஒன்று பாதி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். விழித்தபோது கைதட்டல் கேட்டது, சரி முடிந்தது என்று நினைத்தேன், இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.

பிறகு அதே ஆல்பம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு சின்ன விஷயம். ரெக்கார்டின் உறையில் எந்தப் பாட்டுக்கு யார் டிரம்ஸ் என்று தனியாக அச்சிட்டிருந்தார்கள். சில பாட்டுக்கு ஒரு பெயர், சிலவற்றுக்கு இரண்டு. எதற்கு இவ்வளவு கணக்கு என்று கிளறப்போய்த்தான் ஆல்பமே திறந்துகொண்டது. அதனால் புதிதாகக் கேட்க வருபவர்களிடம் நான் சொல்வதும் அதுதான்: வரிகளை விடுங்கள், கிட்டாரைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டிரம்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ‘ப்ராக்ரெஸிவ் ராக்’ என்ற பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், சுருக்கமாக ‘ப்ராக்’. அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. இரண்டு சரணம், ஒரு பல்லவி, முடிந்தது என்ற அளவை விட்டுவிட்டு, மேற்கத்திய செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் தேவாலயப் பாடல்களிலிருந்தும் கிடைத்ததை எல்லாம் இழுத்துப்போட்டுப் பல பகுதிகள் கொண்ட நீண்ட பாட்டுகளைக் கட்டினார்கள். கிங் க்ரிம்சனின் முதல் ஆல்பம் 1969இல் வந்தது, யெஸ், எமர்சன் லேக் அண்ட் பால்மர் எல்லாம் அதே காலம். ஜெனிசிஸைத் தொடங்கியவர்கள் சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரர்கள் படிக்கும் பள்ளியின் மாணவர்கள்: பாடகர் பீட்டர் கேப்ரியல், கீபோர்டு டோனி பேங்க்ஸ், பேஸ் கிட்டார் மைக் ரதர்ஃபோர்ட், கிட்டார் ஆன்டனி ஃபிலிப்ஸ். ஃபிலிப்ஸ் விலகிய பிறகு டிரம்ஸுக்கு ஃபில் காலின்ஸும் கிட்டாருக்கு ஸ்டீவ் ஹாக்கெட்டும் வந்து சேர்ந்தார்கள்.

இந்த வகை இசையை மேடையில் வாசிப்பது லேசான வேலை இல்லை, லைவ் ஆல்பத்தின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. ஸ்டுடியோவில் ஒருவரே ஐந்து கருவியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்துவிடலாம். மேடையில் கை இரண்டுதான். ரதர்ஃபோர்ட் இரட்டைக் கழுத்துக் கிட்டார் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரு கழுத்தில் பன்னிரண்டு தந்தி, மற்றதில் பேஸ் என்று மாறி மாறி வாசிப்பார், கை பன்னிரண்டு தந்தியில் இருக்கும்போது காலால் பேஸ் பெடலை மிதிப்பார். பேங்க்ஸ் பக்கம் மெல்லோட்ரான் என்றொரு பெட்டி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு இருக்கும், கட்டையை அழுத்தினால் அதில் பதிந்த வயலின் கூட்டமோ கோரஸோ ஒலிக்கும், சுமார் 8 நொடியில் டேப் தீர்ந்துவிடும், விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். லைவ் ஆல்பத்தில் பின்னால் பனி மாதிரி படர்ந்து வருகிற அந்தக் குரல்களைக் கேட்கும்போது, ஒரு மனிதர் 8 நொடிக்கு ஒருமுறை விரலை மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள், கேட்கிற விதமே மாறிவிடும்.

சரி, டிரம்ஸ் கதைக்கு வருவோம்.

1975இல் கேப்ரியல் குழுவை விட்டு விலகினார். விலகியது வெறும் பாடகர் மட்டும் இல்லை. பூ முகமூடி, கிழவன் முகமூடி, நரித் தலையோடு சிவப்பு கவுன் என்று மேடையில் மக்கள் பார்க்க வந்ததே அவரைத்தான். இனி ஜெனிசிஸ் அவ்வளவுதான் என்று பலரும் எழுதிவைத்தார்கள். குழுவினர் புதுப் பாடகருக்காகப் பலரைப் பாடவைத்துப் பார்த்து, யாரும் சரிப்படாமல், கடைசியில் பின்னால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலின்ஸையே முன்னால் நிறுத்தினார்கள். 1976 தொடக்கத்தில் வந்த ‘எ ட்ரிக் ஆஃப் த டெய்ல்’ ஆல்பத்தில் பாட்டும் அவரே, டிரம்ஸும் அவரே. ஸ்டுடியோவில் அது நடக்கும். மேடையில்? இவ்வளவு சிக்கலான தாளத்தை வாசித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் பாடவும் கூட்டத்தைக் கட்டிப்போடவும் முடியாது. பின்னால் ஒரு ஆள் வேண்டும்.

1976 சுற்றுப்பயணத்துக்கு பில் ப்ரூஃபோர்ட் வந்தார். யெஸ், கிங் க்ரிம்சன் இரண்டிலும் வாசித்தவர், ப்ராக் உலகில் அவர் பெயருக்குத் தனி மரியாதை. அடுத்த ஆண்டு செஸ்டர் தாம்சன் வந்தார், அமெரிக்கர், கேலியும் சிக்கலுமான ராக் இசைக்குப் பேர்போன ஃப்ராங்க் ஸப்பாவிடமும், வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவிலும் வாசித்து வந்தவர். அதாவது ஆங்கிலேய ப்ராக் குழுவுக்குள் ஜாஸும், ஃபங்க் என்ற ஆட்டத் தாள இசையும் தெரிந்த கை ஒன்று நுழைந்தது. 1977 ஜூனில் பாரிஸின் பலே தே ஸ்போர் அரங்கில் நடந்த நிகழ்ச்சிகளில் பதிவானதுதான் ‘செகண்ட்ஸ் அவுட்’, அதே ஆண்டு அக்டோபரில் இரட்டை எல்பியாக, அதாவது இரண்டு ரெக்கார்டு, நான்கு பக்கமாக, வெளிவந்தது. ஒரே ஒரு பாட்டு, ‘த சினிமா ஷோ’, முந்தைய ஆண்டு பாரிஸ் நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது, அதில் மட்டும் ப்ரூஃபோர்ட்.

ஏற்பாடு இப்படி: காலின்ஸ் பாடும்போது பின்னால் ஒரே டிரம்மர். பாடல் வரி முடிந்து வாத்தியப் பகுதி தொடங்கினால், காலின்ஸ் மைக்கை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் டிரம்ஸில் உட்காருவார். இப்போது இரண்டு டிரம்மர்கள். மறுபடி பாட வேண்டிய இடம் வந்தால் எழுந்து முன்னால் வருவார். ஆல்பம் முழுக்க இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது, படம் இல்லாமல் காதாலேயே அதைப் பின்தொடரலாம். குரல் நின்ற சில நொடிகளில் தாளம் தடிக்கும், சிம்பல் கூடும், ஒருவர் உருட்டுகிற உருட்டலுக்கு மேல் இன்னொன்று வந்து விழும். காலின்ஸ் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். நாலைந்து தடவை இதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு காது தானாகத் தேடும்.

கேட்கத் தொடங்க வேண்டியது முதல் பாட்டிலிருந்து அல்ல, இது என் பிடிவாதமான கருத்து. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஆஃப்டர்க்ளோ’வை எடுங்கள். நாலரை நிமிடம்தான், மெதுவாக ஏறுகிற எளிய பாட்டு, ப்ராக் பிடிக்காதவர்களுக்கும் பிடிக்கும். இது ‘விண்ட் அண்ட் வுதரிங்’ என்ற 1976 ஆல்பத்தில் இருக்கிறது. ஸ்டுடியோ பதிவை முதலில் கேட்டுவிட்டு உடனே லைவைக் கேளுங்கள். வரி எல்லாம் பாடி முடித்த பிறகு, கோரஸ் குரல்கள் எழும்போது, இரண்டு டிரம்மரும் சேர்ந்து ஒரு ஃபில் வாசிப்பார்கள். ஃபில் என்றால், ஒரு வரி முடிந்து அடுத்தது வருமுன் அந்த இடைவெளியை நிரப்பும் உருட்டல், கச்சேரியில் மிருதங்கம் வைக்கும் சின்னத் தீர்மானத்தோடு ஒப்பிடலாம். இந்த ஒரு ஃபில்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஸப்பாவின் 1974 லைவ் ஆல்பம் ‘ராக்ஸி அண்ட் எல்ஸ்வேர்’. அதில் ‘மோர் ட்ரபிள் எவ்ரி டே’ பாட்டில் செஸ்டர் தாம்சனும் ரால்ஃப் ஹம்ஃப்ரி என்ற இன்னொரு டிரம்மரும் சேர்ந்து இதையேதான் வாசித்தார்கள். அதைக் கேட்டு மயங்கித்தான் காலின்ஸ் தாம்சனைத் தேடிப் பிடித்தார், பிடித்ததும் அதே ஃபில்லை ‘ஆஃப்டர்க்ளோ’வில் வைத்துவிட்டார். கலிஃபோர்னியாவின் கேலிக்கார இசையிலிருந்து கிளம்பிய ஒரு கைவரிசை, ஆங்கிலேயக் காதல் பாட்டு ஒன்றின் உச்சியில் வந்து உட்கார்ந்திருக்கிறது, உட்கார்ந்த இடமும் அவ்வளவு பொருத்தம்.

அடுத்து ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’. ஸ்காட்லாந்தில் ‘ஃபர்த் ஆஃப் ஃபோர்த்’ என்று ஒரு கழிமுகம் உண்டு, அந்தப் பெயரை வைத்து ஒரு சிலேடை. 1973இல் வந்த ‘செல்லிங் இங்க்லண்ட் பை த பவுண்ட்’ ஆல்பத்தில் இது பேங்க்ஸின் பியானோவோடு தொடங்கும், ஒரு நிமிடத்துக்கு மேல், தனியாக, மிக அழகாக. லைவில் அந்த பியானோ இல்லை! நேராகப் பாட்டுக்குள் போய்விடுகிறார்கள். முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் லைவ் ஆல்பத்தைக் கேட்கும்போது ‘என்ன சேர்த்தார்கள்’ என்பதைப் போலவே ‘எதை விட்டார்கள்’ என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். ஸ்டுடியோவில் நடுப்பகுதியின் மெட்டை முதலில் கேப்ரியலின் புல்லாங்குழல் சொல்லும். இப்போது கேப்ரியலே இல்லை, ஆகவே புல்லாங்குழலும் இல்லை, கீபோர்டு அந்த வேலையைச் செய்கிறது. அப்புறம் ஹாக்கெட்டின் கிட்டார் அதே மெட்டை எடுத்து நீட்டும். வேகம் காட்டுகிற வாசிப்பு இல்லை, ஒரே சுரத்தைப் பிடித்து, விடாமல், மூச்சு முட்டும்வரை இழுக்கிற வாசிப்பு. அதற்குக் கீழே இரண்டு டிரம்ஸ். ஸ்டுடியோ பதிவில் இந்த இடம் மிதக்கும், லைவில் கனத்துக் கீழே இறங்கும். எது மேல் என்று கேட்டால் நான் நாளுக்கொரு பதில் சொல்வேன்.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆல்பம் முழுக்க ஹாக்கெட்டின் கிட்டார் கொஞ்சம் அமுங்கியே கேட்கிறது. ஆல்பத்தின் ஒலிக்கலவை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவர் குழுவை விட்டு விலகினார். "ஆளையும் சேர்த்து மிக்ஸ் பண்ணி வெளியே தள்ளிவிட்டார்கள்" என்று ரசிகர்கள் நடுவே இன்றும் ஓடுகிற கிண்டல் இதனால் வந்தது. வேண்டுமென்றே செய்தார்களா என்பது வேறு பேச்சு. நீங்கள் கேட்கும்போது கிட்டாரைக் கொஞ்சம் காதைத் தீட்டித் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ‘த சினிமா ஷோ’, இதுதான் தாளப் பாடம். முதல் பாதி பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு மென்மையான பாட்டு, வேலை முடிந்து மாலையில் சினிமாவுக்குக் கிளம்பும் ஒரு சாதாரண ரோமியோ, ஒரு சாதாரண ஜூலியட். இரண்டாம் பாதியில் பாட்டு நின்று 7/8 தாளத்தில் நீண்ட கீபோர்டுப் பகுதி தொடங்கும். 7/8 என்றதும் பயப்பட வேண்டாம். சாதாரண ராக் பாட்டு நான்கு நான்காக நடக்கும், இது ஏழு ஏழாக நடக்கிறது. மிஸ்ர சாப்பு தெரிந்தவர்களுக்கு ஏழு பழகிய எண்தான், அங்கே தகிட தகதிமி என்று மூன்றை முன்னால் வைப்போம், இங்கே தகதிமி தகிட என்று திருப்பிப் போட்டு எண்ணிப் பாருங்கள், கால் பிடித்துக்கொள்ளும். எண்ணத் தொடங்கி ஒரு நிமிடத்தில் எண்ணுவதை நிறுத்திவிடுவீர்கள், நிறுத்தவும் வேண்டும். தாளம் ஒரு சக்கரம் மாதிரி உருளும், அதன் மேல் பேங்க்ஸ் ஒரு மெட்டை முடித்து அடுத்ததற்குப் போவார், அடியில் ப்ரூஃபோர்டும் காலின்ஸும். தாம்சன் வாசிப்பு நிதானமும் கனமும் உள்ளது என்றால், ப்ரூஃபோர்ட் எதிர்பாராத இடத்தில் சடக்கென்று ஒரு அடி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல நகர்ந்துவிடுவார். ஒரே ஆல்பத்தில் இரண்டு வெவ்வேறு ஆட்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கேட்க முடிவது எவ்வளவு பெரிய வசதி!

‘ஐ நோ வாட் ஐ லைக்’ பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 1974இல் குழுவுக்குக் கிடைத்த முதல் ஹிட் சிங்கிள் அது, புல்வெட்டும் வேலை செய்கிற பையன் ஒருவனைப் பற்றியது. ஸ்டுடியோவில் நான்கு நிமிடம், இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவில் பழைய ‘ஸ்டாக்னேஷன்’ பாட்டின் ஒரு துண்டும் வந்து போகும். அந்த நீட்டல் காதுக்குச் சற்று வெறுமையாகப் படலாம், ஏனென்றால் மேடையில் அந்த நேரத்தில் காலின்ஸ் டாம்பரினைத் தலையிலும் முழங்கையிலும் காலிலும் தட்டிக்கொண்டு ஆடுவார், அது நம் காதுக்கு வந்து சேராது. லைவ் ஆல்பம் என்றாலே இப்படிச் சில இடம் இருக்கும், ஆட்டத்தைத் தூக்கிவிட்டு ஒலியை மட்டும் கொடுத்தது போல. பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது தாண்டிப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

‘த மியூசிக்கல் பாக்ஸ்’ விஷயம் வேறு. ஆல்பத்தில் இருப்பது அதன் கடைசிப் பகுதி மட்டும். பத்து நிமிடப் பாட்டின் கிளைமாக்ஸை மட்டும் வெட்டி வைத்தால் புதிதாகக் கேட்பவருக்கு என்ன புரியும்? 1971இன் ‘நர்சரி க்ரைம்’ ஆல்பத்தில் முழுப் பாட்டையும் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். விளையாட்டில் தலை போன ஒரு சிறுவன், இசைப் பெட்டியைத் திறந்ததும் ஆவியாகத் திரும்பி வந்து, கண்ணெதிரே கிழவனாகிறான், ஆசை மட்டும் அடங்கவில்லை. கேப்ரியல் இதைக் கிழவன் முகமூடி போட்டுப் பாடுவார். காலின்ஸுக்கு முகமூடி இல்லை, குரல் மட்டும். கூட்டம் முதல் சில நொடிகளிலேயே பாட்டை அடையாளம் கண்டு எழுப்புகிற ஓசையும் ஆல்பத்தில் ஒரு வாத்தியம் மாதிரிதான்.

இப்போது அந்த 24 நிமிடம். ‘சப்பர்ஸ் ரெடி’, இரட்டை எல்பியின் மூன்றாம் பக்கம் முழுவதும் இது ஒன்றுதான். எல்பியில் ஒரு பக்கத்துக்கு 20லிருந்து 25 நிமிடம்வரை பிடிக்கும், அந்த அளவுக்குள் ஒரு முழு உலகத்தைக் கட்டுவது ப்ராக் குழுக்களுக்கு ஒரு வெறி. 1972இன் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்துக்காக எழுதியது, ஏழு பகுதிகள். வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண இரவில் தொடங்கி, போர், கிறுக்குத்தனமான ஒரு பண்ணை, பைபிளின் வெளிப்படுத்தல் நூலில் வருகிற உலக முடிவு என்று போய், புதிய எருசலேமில் முடியும். 1973இல் வந்த முதல் லைவ் ஆல்பமான ‘ஜெனிசிஸ் லைவ்’வில் இந்தப் பாட்டு இடம்பெறவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆல்பத்தின் அட்டைப் படத்தில் கேப்ரியல் போட்டிருக்கும் உடை இதே பாட்டுக்கானது. ஆகவே ரசிகர்கள் இதன் லைவ் பதிவுக்கு ‘செகண்ட்ஸ் அவுட்’வரை காத்திருந்தார்கள், காத்திருந்து கிடைத்தபோது பாடியது காலின்ஸ். சண்டை அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை.

ஒரே மூச்சில் கேட்க முயலாதீர்கள், என் கதிதான் ஆகும். பின்னாலிருந்து வாருங்கள். ‘அபாகலிப்ஸ் இன் 9/8’ என்ற ஆறாம் பகுதி தொடங்கும் இடத்தை, சுமார் 16ஆம் நிமிடத்தைத் தாண்டி, தேடிப் பிடியுங்கள். டிரம்ஸும் பேஸும் ஒன்பது எண்ணிக்கையுள்ள ஒரு சுழற்சியைக் கல் மாதிரி அடித்துக்கொண்டிருக்க, பேங்க்ஸின் ஆர்கன் அதைச் சட்டை செய்யாமல் தன்பாட்டுக்கு மேலே அலையும். இரண்டும் ஒட்டாது. இழுபறி ஏறிக்கொண்டே போகும், எங்கே போய் முட்டப் போகிறது என்று தோன்றும்போது மெல்லோட்ரான் பொங்கி, பாடகர் மறுபடி நுழைவார். அங்கிருந்து முடிவுவரை கேளுங்கள். அதில் வருகிற மெட்டை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்கினால், அதே மெட்டு முதல் சில நிமிடங்களிலேயே சின்னதாக, வீட்டுக்குள், தாழ்ந்த குரலில் வந்து போயிருப்பது தெரியும். 24 நிமிடத்தை அவர்கள் எதற்காக எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. கேப்ரியல் இதை நடித்துப் பாடினார், காலின்ஸ் நம்பிப் பாடுகிறார் என்பது என் எண்ணம். பண்ணைப் பகுதியின் கிறுக்குத்தனத்துக்குக் கேப்ரியல்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசி மூன்று நிமிடத்துக்கு நான் காலின்ஸ் பக்கம்.

கேட்கும் கருவி பற்றி ஒரு வரி: போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் பெடல் என்ற ஒன்று இருப்பதே அதில் தெரியாது, பாதிக் கட்டடம் காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்ஃபோன் போதும்.

அட்டையையும் ஒரு தடவை பாருங்கள். வெள்ளை வெளிச்சத்தில் நனைந்த மேடை. அந்தச் சுற்றுப்பயணத்தில் போயிங் 747 விமானம் தரையிறங்கப் பயன்படுத்தும் விளக்குகளை மேடைக்கு மேலே வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ‘ஆஃப்டர்க்ளோ’வின் அந்த டிரம்ஸ் உருட்டலை இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண் கூசுகிற மாதிரி இருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு, ஒரு விடுமுறை நாளில், முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போடுங்கள். தொடங்குவது ‘ஸ்க்வாங்க்’. பென்சில்வேனியாக் காட்டில் உலவுவதாக நம்பிய ஒரு கற்பனை விலங்கு, பிடித்துப் பையில் போட்டால் அழுது அழுது கண்ணீராகவே கரைந்துவிடுமாம். கனமாக, நிதானமாக நடக்கிற பாட்டு, மேடையில் முதலில் வாசிக்க வாகானது. அதன் மெட்டை ஒரு ஓரமாக நினைவில் வைத்திருங்கள். நான்காம் பக்கத்தில் ‘டான்ஸ் ஆன் எ வால்கனோ’ முடிந்ததும் காலின்ஸும் தாம்சனும் மட்டும், வேறு யாரும் இல்லாமல், எதிரும் புதிருமாக டிரம்ஸ் வாசிப்பார்கள், அதிலிருந்து அப்படியே ‘லாஸ் எண்டோஸ்’ என்ற பாடலில்லா இசைக்குள் குதிப்பார்கள். வேகம், வியர்வை, பழைய மெட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டிவிட்டுப் போகும். முடியப் போகிறது என்று தோன்றும் நேரத்தில், இரண்டு டிரம்ஸும் அடித்து நொறுக்கிக்கொண்டிருக்க, அதற்கு மேலே மெதுவாக, பெரிதாக எழுந்து வருவது அந்த ‘ஸ்க்வாங்க்’ மெட்டுதான்.